டிக்கியில் எது இருக்க வேண்டும், கையில் எது இருக்க வேண்டும்?



கோடை விடுமுறை விட்டாயிற்று. ஊர் ஊராகக் கார்கள் கிளம்பத் தொடங்கிவிட்டன. இந்த ஒரு வாரத்தில் மட்டும் நான்கு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "சார், குடும்பத்தோட கன்னியாகுமரி வரைக்கும் போறோம். கார்ல என்னென்ன டூல்ஸ் வச்சுக்கணும்?" தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் என்னை நாற்பது நிமிடம் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

நான் மெக்கானிக் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த இடைநிலை ஆசிரியன். ஆனால் நாமக்கல் பக்கத்தில் வேலை பார்த்தவனுக்கு லாரியைத் தெரியாமல் இருக்க முடியாது. பாடி கட்டும் பட்டறைகளின் சத்தத்துக்கு நடுவில்தான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். என்னிடம் படித்தவர்களில் ஓட்டுநர் உண்டு, டயர் கடை வைத்திருப்பவர் உண்டு, பேட்டரி கடை வைத்திருப்பவரும் உண்டு. அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், நானே ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதும்தான் இது.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. நீண்ட பயணத்துக்கான கருவிகள் ஒரு சிறிய பையில் அடங்க வேண்டும். அந்தப் பையில் இருக்கும் ஒவ்வொன்றையும், காரில் வருபவர்களில் இரண்டு பேராவது ஒருமுறை கையால் செய்து பார்த்திருக்க வேண்டும். செய்து பார்க்காத கருவி வெறும் பாரம். அதைவிட மோசம், நம்மிடம் எல்லாம் இருக்கிறது என்ற பொய்த் தைரியத்தை அது கொடுத்துவிடும்.

இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கிறேன். ஒருவர், இணையத்தில் நூறு உருப்படிக்கு மேல் உள்ள பளபளப்பான பெட்டியை வாங்கி டிக்கியில் வைத்துக்கொள்பவர். என் உறவுக்காரப் பையன் ஒருவன் அப்படி ஒன்று வைத்திருக்கிறான். அதில் விதவிதமான சாக்கெட்டுகள் வரிசையாக இருக்கின்றன. அவன் காரின் வீல் நட்டுக்குப் பொருந்தும் அளவு மட்டும் அதில் இல்லை. இன்னொருவர், "போன் இருக்கு, இன்சூரன்ஸ்ல ரோட் சைடு அசிஸ்டன்ஸ் இருக்கு, எதுக்கு இதெல்லாம்?" என்று வெறுங்கையோடு கிளம்புபவர். இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்காமல் விட்டவர்கள். சாலையில் கார் எதனால் நிற்கிறது என்பதுதான் அந்தக் கேள்வி.

அம்பாசிடர் காலத்து டாக்ஸிக்காரர்களை நினைவிருக்கிறதா? டிக்கியில் பெரிய தகரப் பெட்டி இருக்கும். ஃபேன் பெல்ட், பிளக் ஸ்பானர், பாயின்ட், கண்டன்சர், ரேடியேட்டர் ஹோஸ், பெட்ரோல் பைப் என்று பாதிக் கடையே உள்ளே இருக்கும். அந்தக் காலத்துக் கார் அப்படி. பாயின்ட் தேய்ந்தால் உப்புத்தாளால் தேய்த்து இடைவெளி வைத்து ஓட்டிவிடலாம். அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இன்றைய காரில் இன்ஜினைக் கட்டுப்படுத்துவது கணினி. அதில் ஏதாவது போனால் நானும் நீங்களும் ஸ்பானரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இழுவை வண்டிதான் வர வேண்டும். ஆகவே பழைய பெட்டியில் முக்கால்வாசி இன்று தேவையில்லை.

ஆனால் இன்றைய காரையும் நிறுத்திவிடக்கூடிய சில எளிய தொல்லைகள் உண்டு. டயர் பஞ்சர், பேட்டரி இறங்கிப்போவது, இன்ஜின் சூடாவது, ஒரு ப்யூஸ் போவது. இவைதான் வழியில் நம் கையால் ஏதாவது செய்யக்கூடியவை. பை இவற்றுக்கு மட்டும் போதும்.

எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இது அடிக்கடி வருகிற தொல்லைக்கானதா? இதை என்னால் சாலையோரத்தில் செய்ய முடியுமா? இதைச் செய்யும்போது என் உயிருக்கு ஆபத்து வருமா? மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

*முதலில் ஆட்களைக் காப்பாற்றும் கருவிகள்*

பஞ்சரால் யாரும் சாவதில்லை. பஞ்சர் பார்க்க நின்ற இடத்தில் சாகிறார்கள். "சாலையோரம் நின்றிருந்த வாகனத்தின் மீது மோதி" என்று தொடங்கும் செய்தியை எத்தனை முறை படித்திருப்போம். எனவே பையில் முதல் இடம் ஸ்பானருக்கு இல்லை. சிவப்பு முக்கோணத்துக்கும், ஒளிரும் மேல்சட்டைக்கும், டார்ச்சுக்கும்தான்.

முக்கோணம் புதுக்கார் வாங்கும்போதே கொடுக்கிறார்கள். பலர் வீட்டில் அது இன்னும் பாலிதீன் உறையைவிட்டு வெளியே வரவில்லை. வெளியே எடுப்பவர்களும் காருக்குப் பத்தடி பின்னால் வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால் 1,00,000 மீட்டரை 3,600 நொடியால் வகுக்க வேண்டும். நொடிக்குச் சுமார் 28 மீட்டர். பின்னால் வருபவர் முக்கோணத்தைக் கண்டு, புரிந்து, காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை நொடி ஆகும் என்று வையுங்கள். அதற்குள் 40 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 50 மீட்டர் சுமாருக்கு வேண்டும். மழை என்றால், சுமை ஏற்றிய லாரி என்றால், அதற்கும் மேல். அப்படியானால் பத்தடியில் வைத்த முக்கோணம் யாருக்கு உதவும்? நான்கு வழிச்சாலையில் 100 மீட்டராவது பின்னால் வைக்க வேண்டும். சாதாரண நடையில் 130 அடி எடுத்து வைத்தால் ஏறக்குறைய அந்தத் தூரம் வரும். தார்ச்சாலைக்குள் நடக்காதீர்கள். தடுப்புக் கம்பி இருந்தால் அதற்கு அப்பால், இடது ஓரமாகவே, முக்கோணத்தை விரித்துக் கையில் பிடித்தபடி போங்கள்.

ஒளிரும் மேல்சட்டை, சாலைப் பணியாளர்கள் போடுவது. இரண்டு போதும். விலையும் அதிகமில்லை. அதை டிக்கியில் வைக்காதீர்கள். இறங்கும் முன்னால் போட்டுக்கொள்ள வேண்டியதை இறங்கிப் போய் எடுத்தால் என்ன பயன்? முன் இருக்கைக்குப் பின்புறப் பையில் வையுங்கள். டார்ச் நெற்றியில் கட்டிக்கொள்ளும் வகையாக இருந்தால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். போனில் உள்ள விளக்கை நம்பாதீர்கள். அந்த நேரத்தில் போனின் சார்ஜ் பேசுவதற்கு வேண்டும்.

வண்டி நின்றால் வரிசை இதுதான். நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து எரியும் சுவிட்சைப் போடுங்கள். முடிந்தவரை இடது ஓரம் ஒதுங்குங்கள். எல்லோரும் இடது பக்கக் கதவு வழியாக மட்டும் இறங்குங்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் தடுப்புக் கம்பிக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்துங்கள். காருக்கு நேர் முன்னால் யாரும் நிற்கக் கூடாது. பின்னால் மோதினால் கார் முன்னால்தான் பாயும். இவ்வளவும் ஆன பிறகுதான் முக்கோணம், அதற்குப் பிறகுதான் டயரைப் பார்ப்பது.

மூன்று எண்களைப் போனில் பதிவதோடு, ஒரு அட்டையில் எழுதியும் வண்டியில் வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் எந்த உதவிக்கும் 1033. இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு. ஆம்புலன்ஸுக்கு 108. எந்த அவசரத்துக்கும் 112. அதே அட்டையில் உங்கள் இன்சூரன்ஸின் உதவி எண்ணையும் பாலிசி எண்ணையும் எழுதுங்கள். அந்த உதவி உங்கள் பாலிசியில் இருக்கிறதா, இந்த வருடம் புதுப்பித்தபோது விட்டுப்போனதா என்பதைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

*டயர்*

என் பழைய மாணவர் ஒருவர் இருபது வருடத்துக்கு மேல் வட இந்தியாவுக்கு லாரி ஓட்டுகிறார். அவர் சொல்லும் விதி ஒன்று உண்டு. "ராத்திரியில ஹைவேஸ்ல வலது பக்கச் சக்கரம் பஞ்சர்னா கை வைக்காதீங்க சார். மேல இருந்து ஓட்டுற எங்களுக்கே குனிஞ்சு உக்காந்த ஆளைக் கடைசி நிமிஷத்துலதான் தெரியும்." இதை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். வலது பக்கச் சக்கரம் என்றால், நம் முதுகு போக்குவரத்தின் பக்கம் இருக்கும். அந்த நிலையில் இரவில் உட்காரவே கூடாது. இண்டிகேட்டர் நான்கையும் போட்டுக்கொண்டு, நடை வேகத்தில் ஓரமாகவே ஓட்டி அடுத்த பெட்ரோல் பங்கோ, சுங்கச்சாவடியோ, விரிந்த ஓரமோ வரும்வரை போய்விடுங்கள். டயர் கிழியும். ரிம்கூடக் கெடலாம். கெடட்டும். டயருக்கு விலை உண்டு. நகரவே முடியாத நிலை என்றால் 1033-க்குச் சொல்லிவிட்டுத் தடுப்புக்கு அப்பால் காத்திருங்கள். சிலர் இதைக் கோழைத்தனம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பகலில், பாதுகாப்பான இடத்தில், சமதரையில் என்றால் நாமே மாற்றலாம். அதற்கு வேண்டியவை ஜாக்கி, வீல் ஸ்பானர், காற்றுள்ள ஸ்டெப்னி. ஜாக்கி காரோடு வந்ததே போதும். பெரிய ஹைட்ராலிக் ஜாக்கி தேவையில்லை. அதன் அடியில் வைக்க முக்கால் அங்குலக் கனத்தில் ஒரு சதுரப் பலகைத் துண்டு வேண்டும். மண்ணில் ஜாக்கி புதையாமல் அது தாங்கும். லாரி கிளீனர் சக்கரத்துக்குக் கட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல மரக்கட்டை இரண்டு. ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் எந்தக் காரணத்துக்காகவும் தலையையோ கையையோ விடாதீர்கள்.

காரோடு வரும் வீல் ஸ்பானரைத்தான் நான் மாற்றச் சொல்வேன். அது மிகவும் குட்டை. எட்டாம் வகுப்பில் நெம்புகோல் படித்தோமே, அதை இப்போது பயன்படுத்துவோம். ஒரு நட்டைக் கழற்ற 100 நியூட்டன் மீட்டர் திருகுவிசை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானரின் கை 25 சென்டிமீட்டர் என்றால், அதன் முனையில் ஏறக்குறைய 40 கிலோ எடையின் அழுத்தம் கொடுக்க வேண்டும். கை 50 சென்டிமீட்டர் என்றால் 20 கிலோ போதும். டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கி வைத்த நட்டு என்றால் இன்னும் கூடுதல் வேண்டும். எனவே கை நீளும் வகையான ஸ்பானரோ, நான்கு முனை உள்ள கூட்டல் குறி வடிவ ஸ்பானரோ வாங்குங்கள். உங்கள் காருக்கு 17, 19, 21 இவற்றில் எந்த அளவு என்று போட்டுப் பார்த்து வாங்குங்கள். "பொண்ணுங்களால நட்டுக் கழட்ட முடியாது" என்று சொல்பவர்களுக்கும் என் பதில் இந்தக் கணக்குதான். தேவை புஜபலம் இல்லை, நீளமான கை உள்ள ஸ்பானர்.

டயர் கடையில் சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், "துப்பாக்கியால முடிச்சிடாதீங்க, கடைசி முடுக்கு கையால குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். அலாய் வீல் காரில் திருட்டுப் போகாமல் இருக்க ஒரு நட்டுக்குத் தனிச் சாவி இருக்கலாம். அது எங்கே இருக்கிறது என்று இன்றே தேடிப் பாருங்கள்.

ஸ்டெப்னியைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு டயருக்கும் காற்றுப் பிடிப்பவர்கள் ஐந்தாவதை மறந்துவிடுகிறார்கள். தேவைப்படும் நாளில் அதுவும் தட்டையாகக் கிடக்கும். சில கார்களில் ஸ்டெப்னி மற்ற டயர்களைவிடச் சிறியது. அதன் மேலேயே 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதே என்று எழுதியிருக்கும். அது அடுத்த டயர் கடை வரைக்கும்தான். மதுரையிலிருந்து சென்னை வரைக்கும் இல்லை.

2020-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் கொடுத்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம். புதுக்கார் வாங்கப் போகிறவர்கள் வண்ணத்தையும் திரையின் அளவையும் கேட்பதற்கு முன்னால் ஸ்டெப்னி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத வண்டியில் உள்ளே ஊற்றும் பசை மருந்து கொடுப்பார்கள். அது டயர் தரையில் படும் பகுதியில் உள்ள சிறிய ஓட்டைக்குத்தான். பக்கச் சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. மருந்துக்குக் காலாவதித் தேதியும் உண்டு.

*எல்லாவற்றிலும் சிறந்தது எது?*

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது என்று கேட்டால், தயங்காமல் சொல்வேன்: காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டிக் காற்றடிக்கும் சிறிய பம்பு. டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் உடனே காற்று முழுவதும் போய்விடாது. ஆணியே ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஆணியைப் பிடுங்காதீர்கள். காற்றை அடித்துக்கொண்டு மெதுவாக அடுத்த பஞ்சர் கடைக்குப் போய்விடலாம். ஜாக்கி வேண்டாம், நட்டு வேண்டாம், சாலையோரத்தில் அரைமணி நேரம் உட்கார வேண்டாம். பெரியவர்கள், மாதமாக இருப்பவர்கள், தனியாக ஓட்டிப் போகும் பெண்கள் எல்லோராலும் முடியும். சார்ஜ் போட்டு வைக்கும் பம்பும் வருகிறது. நல்லதுதான். ஆனால் மூன்று மாதம் சார்ஜ் போடாமல் கிடந்தது அவசரத்துக்கு உதவாது. எனக்குப் பிடித்தது வயர் உள்ளதே.

பம்பை ஓட்டும்போது இன்ஜின் ஓடட்டும், பேட்டரி இறங்காது. பம்பில் 120 வாட் என்று போட்டிருந்தால் 12-ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். உங்கள் கார் சாக்கெட்டின் ப்யூஸ் அதைத் தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள். எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய சீட்டில் இருக்கும். முழுச் சுமைக்குத் தனி அளவு போட்டிருப்பார்கள். காலையில் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

ரப்பர் திரியைக் குத்திப் பஞ்சர் அடைக்கும் கருவி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பஞ்சர் கடையில் நின்று ஒருமுறை உங்கள் கையாலேயே குத்திப் பார்த்திருந்தால் வாங்குங்கள். காணொளி மட்டும் பார்த்தவர்களுக்கு வேண்டாம். எஃகுக் கம்பி உள்ள டயருக்குள் அதை நுழைக்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது காணொளியில் தெரியாது.

*பேட்டரி, சூடு, ப்யூஸ்*

கியர் வண்டியைத் தள்ளி எடுக்கலாம். ஆட்டோமேட்டிக் வண்டி அப்படி எடுபடாது. பேட்டரி இறங்கினால் ஜம்பர் கேபிள்தான் வழி. கனமான கம்பி உள்ளதாக வாங்குங்கள். மெல்லியது சூடாகும், இன்ஜினைச் சுற்றாது. மாட்டும் வரிசையை ஒரு அட்டையில் எழுதிக் கேபிளோடு கட்டி வையுங்கள்: சிவப்பு, இறங்கிய பேட்டரியின் கூட்டல் முனையில். சிவப்பின் மறுமுனை, நல்ல பேட்டரியின் கூட்டலில். கறுப்பு, நல்ல பேட்டரியின் கழித்தலில். கறுப்பின் கடைசி முனை, இறங்கிய காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியைவிட்டுத் தள்ளி. கடைசி இணைப்பில் பொறி வரும். பேட்டரியிலிருந்து எரியும் வாயு வெளிவரும். இரண்டும் அருகில் இருக்கக் கூடாது என்பதுதான் காரணம். கழற்றும்போது இதே வரிசை, பின்னிருந்து முன்னாக. பல நேரம் பேட்டரி நன்றாகவே இருக்கும், முனை தளர்ந்திருக்கும். அதற்கு 10-ஆம் நம்பர் ஸ்பானர் ஒன்று போதும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் கையேடு சொல்வதை மட்டும் செய்யுங்கள். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள்.

சூட்டைப் பற்றி. வெப்பமானியின் முள் சிவப்புக்கு ஏறினால் நிறுத்துங்கள். பானட்டைத் திறந்து ஆறவிடுங்கள். மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறிய பிறகு, கனமான துணியை வைத்துத் திறந்து, கூலன்ட் குறைந்திருந்தால் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் கூலன்டும் இரண்டு லிட்டர் தண்ணீரும் வண்டியில் இருக்கட்டும். அந்தத் தண்ணீர் குடிக்கும் தண்ணீருக்கு மேல்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40. ஏறும்போது இன்ஜின் சூடாகும், இறங்கும்போது பிரேக் சூடாகும். பிரேக் தீய்ந்து மிதி உள்ளே போனால் உலகத்தின் எந்த டூல் கிட்டும் உதவாது. குறைந்த கியரிலேயே இறங்குங்கள். தீய்ந்த வாசனை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

ப்யூஸ் மிகச் சிறியது, ஆனால் அது போனால் வைப்பர் நிற்கும், ஹாரன் நிற்கும், விளக்கு அணையும். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். வகைக்கு இரண்டு ஒரு சிறு டப்பியில் போடுங்கள். போன அளவையே போட வேண்டும். பெரியதைப் போடுவதும் கம்பியைச் சுற்றுவதும் வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

*எதை விட்டுவிடலாம்?*

கேனில் பெட்ரோல் வேண்டாம். வெயிலில் மூடிய டிக்கிக்குள் அது வெடிகுண்டு. இழுவைக் கயிறும் வேண்டாம் என்பது என் கருத்து. இன்ஜின் ஓடாத காரில் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் கனக்கும், பழகாதவர் பிடித்தால் முன்வண்டியில்தான் மோதுவார். இழுவை வண்டிக்காரரிடம் விடுங்கள். ஆனால் காரோடு வந்த திருகு வளையத்தைத் தொலைக்காதீர்கள். அவருக்கு அது தேவைப்படும். தீயணைப்பான் வைத்தால் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பானட்டிலிருந்து புகை வந்தால் முதல் வேலை எல்லோரையும் இறக்கித் தள்ளிக் கொண்டுபோவது, தீயணைப்பானெல்லாம் அப்புறம்.

போனை நம்பிக் கிளம்புபவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. உதவி எண்கள் வந்ததால்தான் பை இவ்வளவு சிறிதாக முடிகிறது. ஆனால் காட்டு வழியிலும் மலை வழியிலும் சிக்னல் எல்லா இடத்திலும் வராது. கூடலூரிலிருந்து முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். மாலையில் அங்கே ஒரு பஞ்சரோடு நின்றுபாருங்கள். யானை நடமாடும் இடத்தில் இறங்கவும் கூடாது, போனும் எடுக்காது. அங்கே பத்து நிமிடத்தில் காற்றடித்துக்கொண்டு நகர்ந்துவிட உதவுவது அந்தச் சிறிய பம்புதான்.

*பையின் பட்டியல்*

1. முக்கோணம், ஒளிரும் மேல்சட்டை இரண்டு, நெற்றி டார்ச்
2. எண்கள் எழுதிய அட்டை, முதலுதவிப் பெட்டி
3. காற்றடிக்கும் பம்பு
4. ஜாக்கி, நீளமான வீல் ஸ்பானர், பலகை, கட்டை இரண்டு
5. ஜம்பர் கேபிள், 10-12, 13 நம்பர் ஸ்பானர்கள்
6. ப்யூஸ் டப்பி
7. முனை மாற்றும் ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர்
8. இன்சுலேஷன் டேப், பிளாஸ்டிக் கட்டுப் பட்டை பத்து (கீழே தொங்கும் பம்பரையும் கவரையும் கட்ட)
9. கையுறை, பழைய போர்வை ஒன்று
10. கூலன்ட், தண்ணீர்

இவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். சிதறிக் கிடக்கும் இரும்பு, திடீர் பிரேக்கில் பின்னால் இருப்பவர் தலைக்குப் பறந்து வரும். ஸ்டெப்னி டிக்கியின் அடியில் என்றால், அதன்மேல் என்ன பெட்டி அடுக்குகிறீர்கள் என்பதையும் பார்த்து அடுக்குங்கள். நடுரோட்டில் நான்கு சூட்கேஸையும் முறுக்குத் தூக்கையும் இறக்கி வைத்தால்தான் ஸ்டெப்னியே தெரியும் என்ற நிலை கூடாது.

*வீட்டுப்பாடம்*

செயல்வழிக் கற்றல் அட்டைகளோடு பல வருடம் வகுப்பில் உட்கார்ந்தவன் நான். கேட்டது மறக்கும், கை செய்தது மறக்காது என்பதை ஆயிரம் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். எனவே கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலில், வெயில் ஏறும் முன்னால், ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டுங்கள். தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று இளக்கிவிட்டு, பிறகு ஜாக்கி. மாட்டும்போது எதிரெதிர் நட்டாக முடுக்குங்கள். ஓட்டுபவர் மட்டும் செய்தால் போதாது. அவருக்கு நெஞ்சு வலித்தால், கை அடிபட்டால் யார் செய்வது? மனைவி செய்யட்டும், கல்லூரி போகும் மகள் செய்யட்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு முக்கோணத்தை விரிக்கவும், 1033 எதற்கு என்று சொல்லவும் கற்றுக்கொடுங்கள். பிள்ளை சாலையில் போய் வைக்க வேண்டியதில்லை, வரிசை தெரிந்திருந்தால் போதும். பதற்றத்தில் பெரியவர்கள் மறப்பதைப் பிள்ளைகள் நினைவுபடுத்துவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நட்டு ஒன்று இளகவில்லை என்றால் நல்லதாயிற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் தெரிந்துவிட்டது, நடுவழியில் தெரியவில்லை. டயர் கடை நம் தெருமுனையிலேயே இருக்கிறது.

டயர் கடை வைத்திருக்கும், லாரி ஓட்டும் என் மாணவர்கள் இதில் எதையாவது சேர்க்கவோ நீக்கவோ வேண்டும் என்றால் கீழே எழுதுங்கள். உங்களிடம் கற்றுக்கொள்வதில் எனக்கு எப்போதும் மகிழ்ச்சிதான். மற்றவர்கள் சக்கரம் கழற்றிய படத்தை அனுப்புங்கள். மதிப்பெண் போடுகிறேன்.

எல்லோரும் நலமாகப் போய் நலமாகத் திரும்பி வாருங்கள்.